மனை விற்றவர் போய்விட்டார், தண்ணீர் கம்பெனி இருக்கிறது

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஏறக்குறைய நடுவழியில் அட்டாஸ்கடேரோ என்றொரு ஊர் இருக்கிறது. சுமார் 30,000 பேர் வசிக்கிறார்கள். அது நகராட்சி ஆனது 1979இல்தான். அந்த ஊரின் தண்ணீர் கம்பெனியோ 1913இல் தொடங்கியது. அதாவது 66 ஆண்டுகள் அங்கே மேயர் கிடையாது, நகரமன்றம் கிடையாது, ஆனால் தண்ணீர் கம்பெனி இருந்தது. நகராட்சி வந்த பிறகும் அது நகராட்சியின் கைக்குப் போகவில்லை. ஊரில் யாரிடமெல்லாம் நிலம் இருக்கிறதோ அவர்கள்தான் இன்றுவரை அதன் சொந்தக்காரர்கள்.

ஊருக்கு முன்பே தண்ணீர் கம்பெனி எப்படி வந்தது? அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் ஏராளமான மனைப்பிரிவுகளில் இதே கதைதான். நாற்பது வீடு, எண்பது வீடு இருக்கும் இடத்தில்கூடத் தனியாக ஒரு தண்ணீர் கம்பெனி, அதற்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம். புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேடிக்கை போய்விடும்.

அது என்ன மாதிரிக் கம்பெனி?

கலிஃபோர்னியாவில் இதை மியூச்சுவல் வாட்டர் கம்பெனி என்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்ட் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஏதோ முதலீடு போல ஒலிக்கும். அப்படியில்லை. இதில் பங்கு வைத்திருந்தால் லாபம் வராது, தண்ணீர் வரும். அவ்வளவுதான் அந்தப் பங்கின் பயன்.

மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலாவது, தண்ணீர் பங்குதாரர்களுக்கு மட்டும்தான், அதுவும் அடக்க விலைக்கு. மோட்டாருக்கான மின்கட்டணம், குழாய் பழுது, பரிசோதனைச் செலவு, வேலை பார்ப்பவரின் சம்பளம், நாளைக்குத் தேவைப்படும் என்று ஒதுக்கிவைக்கும் தொகை எல்லாவற்றையும் கூட்டி வீடுகளுக்குப் பிரித்துவிடுவார்கள். இரண்டாவது, இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரே இயக்குநராக இருப்பார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியமானது. பங்கு மனிதரோடு இல்லை, மண்ணோடு ஒட்டியிருக்கிறது. பல கம்பெனிகளின் விதிப்படி பங்கை மட்டும் தனியாக விற்க முடியாது. மனையை விற்றால் பங்கும் கூடவே போய்விடும். அட்டாஸ்கடேரோவில் இப்படித்தான். அங்கே வீடு வாங்குபவர் தண்ணீர் கம்பெனியில் சேர விண்ணப்பம் போட வேண்டியதில்லை. கிரயம் முடிந்த நிமிடமே அவர் பங்குதாரர். பலருக்கு அது தெரிவதே முதல் தண்ணீர் பில் வரும்போதுதான்.

அரசு இதை எப்படிப் பார்க்கிறது? மின்சாரம், எரிவாயு, தண்ணீர் விற்கும் தனியார் கம்பெனிகளின் கட்டணத்தைக் கலிஃபோர்னியாவில் ஒரு மாநில ஆணையம் தீர்மானிக்கிறது. மியூச்சுவல் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அந்த ஆணையத்தின் பிடிக்குள் வராது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள், தன்னையே யாரும் ஏமாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது சட்டத்தின் கணக்கு. வருமானத்தில் 85 விழுக்காடாவது உறுப்பினர்களிடமிருந்தே வந்தால் மத்திய வருமான வரியிலிருந்தும் விலக்கு உண்டு. தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது என்ற கணக்கு எங்கே உதைக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீரில்லாத மண்ணை யார் வாங்குவார்?

தென் கலிஃபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்கிறது. பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் கோடை முழுக்க வானம் வெறிச்சென்று கிடக்கும். ஆக, அங்கே நிலத்துக்குத் தனியாக விலை கிடையாது. தண்ணீரோடு சேர்ந்த நிலத்துக்குத்தான் விலை. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் விவசாயிகளைவிட மனை விற்பவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

1857இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஜெர்மானியர்கள் ஐம்பது பேர் சேர்ந்து, திராட்சை பயிரிட ஒரு சங்கம் அமைத்து, தெற்கே நிலம் வாங்கினார்கள். ஆளுக்கு 20 ஏக்கர். சாண்டா ஆனா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். 1859இல் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தண்ணீர் கம்பெனி உண்டானது. அந்தக் குடியேற்றம்தான் இன்றைய அனஹெய்ம். டிஸ்னிலேண்ட் இருக்கிறதே, அதே ஊர்தான்.

இந்த யோசனையைத் தெளிவான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கனடாவிலிருந்து வந்த ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற சகோதரர்கள். 1880களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எடிவாண்டா, ஒன்டாரியோ என்று இரண்டு குடியேற்றங்களை அமைத்தார்கள். அந்தக் காலத்தில் நிலம் வாங்கியவர்களுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. நிலம் நம் பெயரில், வாய்க்காலோ வேறு ஒருவர் பெயரில். மரம் நட்டு நாலு வருஷம் வளர்த்த பிறகு வாய்க்கால்காரர் விலையை இரட்டிப்பாக்கினால் என்ன செய்வது? மரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது.

சாஃபிகளின் பதில் எளிமையானது. 1882இல் ஒன்டாரியோவுக்காக சான் அன்டோனியோ தண்ணீர் கம்பெனியைத் தொடங்கி, ஓர் ஏக்கர் வாங்குபவருக்கு அந்தக் கம்பெனியில் ஒரு பங்கு என்று கொடுத்தார்கள். பத்து ஏக்கர் வாங்கினால் பத்துப் பங்கு. வாய்க்கால்காரர் என்று வெளியாள் யாரும் இல்லை, நிலக்காரர்களேதான் வாய்க்கால்காரர்கள். தண்ணீரும் சும்மா ஓடையில் விடப்படவில்லை. ஒவ்வொரு பத்து ஏக்கர் மனையின் மிக உயரமான மூலைக்கும் குழாய் வழியாகக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து பள்ளத்தை நோக்கித் தானாகப் பாய்ந்துவிடும். பத்திரத்தில் மது விற்கத் தடை என்று வேறு ஒரு நிபந்தனையும் இருந்தது. தண்ணீருக்கு வழி செய்தவர்கள் மற்றதற்கு வழி விடவில்லை. ஒன்டாரியோ ரயில் நிலையத்தில் ஒரு நீரூற்று இருந்ததாம். ரயில் வரும் நேரத்தில் மட்டும் அதைத் திறந்துவிடுவார்களாம், ஜன்னல் வழியே பார்ப்பவர்கள் 'அடேயப்பா, எவ்வளவு தண்ணீர்' என்று நினைக்கட்டும் என்று. இந்தக் கதை உண்மையோ பொய்யோ, வியாபாரம் எதை நம்பி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஏக்கருக்கு ஒரு பங்கு என்பதை நல்லெண்ணம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். விற்பவருக்கு அதில் இரட்டை லாபம். பயம் நீங்கியதால் நிலம் நல்ல விலைக்குப் போகும். கடைசி மனையும் விற்றுத் தீர்ந்ததும், வாய்க்காலைப் பராமரிக்கும் தொல்லை மொத்தமும் வாங்கியவர்கள் தலையில். விற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். சாஃபிகளும் போனார்கள், ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே மில்டுரா, ரென்மார்க் என்ற இடங்களில் இதே மாதிரிக் குடியேற்றங்களைத் தொடங்கி, 1890களில் நொடித்துப்போனார்கள். ரென்மார்க் விவசாயிகள் 1893இல் தண்ணீரைத் தாங்களே நடத்த ஓர் அறக்கட்டளை அமைத்துக்கொண்டார்கள். அது இன்றும் இயங்குகிறது.

அட்டாஸ்கடேரோவுக்கு வருவோம்

எட்வர்ட் கார்ட்னர் லூயிஸ் பத்திரிகைக்காரர். செயின்ட் லூயிஸ் நகரத்துப் பக்கம் பெண்களுக்கான பத்திரிகைகள் நடத்திப் பெரும் புள்ளியானவர். யூனிவர்சிட்டி சிட்டி என்று ஓர் ஊரையே உருவாக்கி அதற்கு மேயராகவும் இருந்தார். சந்தாதாரர்களை வைத்து மகளிர் சங்கம், அப்புறம் 'மகளிர் குடியரசு' என்றெல்லாம் பெரிய பெரிய திட்டங்கள். பணச் சிக்கலும் கூடவே வந்துகொண்டிருந்தது. 1913இல் கலிஃபோர்னியாவில் சுமார் 23,000 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி, ஒரு மாதிரி நகரத்தைக் கட்டப்போவதாக அறிவித்தார். மக்கள் வந்து முதலில் கூடாரத்தில் தங்கினார்கள். சாலை, பழத்தோட்டம், அச்சகம், பெரிய குவிமாடம் வைத்த நிர்வாகக் கட்டடம் என்று வேலைகள் நடந்தன. அந்தக் குவிமாடக் கட்டடம்தான் இன்று நகராட்சி அலுவலகம்.

நிலம் வாங்கிய அதே ஆண்டில் லூயிஸ் தண்ணீர் கம்பெனியையும் பதிவு செய்தார். சலினாஸ் ஆற்றங்கரையில் கிணறுகள். குடியேற்றத்தின் மனைகள் அனைத்துக்கும் பங்கு, அந்தப் பங்கு மண்ணோடு ஒட்டியது.

1924இல் லூயிஸ் திவாலானார். பிறகு தபால் மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். இப்படி ஒருவர் விழும்போது அவர் கட்டியது எல்லாம் கூடவே விழுவதுதான் வழக்கம். தண்ணீர் கம்பெனி விழவில்லை. காரணம் மேலே சொன்ன அந்த மூன்றாவது விஷயம். விற்றுப்போன மனைகளின் பங்குகள் ஏற்கெனவே வாங்கியவர்களோடு போய்விட்டன. தண்ணீர் லூயிஸின் சொத்தாக இருந்திருந்தால் கடன்காரர்கள் வந்து கை வைத்திருப்பார்கள். அது ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த நிலக்காரர்களின் சொத்தாக இருந்தது. லூயிஸ் 1950இல் அதே ஊரில் இறந்தார். அவர் தொடங்கிய கம்பெனி இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவின் பெரிய மியூச்சுவல் கம்பெனிகளில் ஒன்று. ஆற்றங்கரைக் கிணறுகள் மட்டும் போதாது என்று நசிமியென்டோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் திட்டத்திலும் அது பங்கு சேர்ந்திருக்கிறது.

வாக்குறுதி கொடுத்தவரை நம்பி வந்தவர்களைக் காப்பாற்றியது அவர் கொடுத்த வாக்குறுதி அல்ல, பத்திரத்தில் எழுதியிருந்த ஒரு வரி.

நாற்பது வீட்டுக்கு ஒரு கம்பெனி

அட்டாஸ்கடேரோ பெரிய கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்தது சின்னச் சின்னக் கதைகள், ஆனால் ஏராளம். நகரத்திலிருந்து முப்பது, நாற்பது மைல் தள்ளி ஒரு பழைய பண்ணை அல்லது மலைச்சரிவு. யாரோ ஒருவர் வாங்கி மனைகளாகப் பிரிக்கிறார். நகராட்சிக் குழாய் அங்கே வர வாய்ப்பே இல்லை. அரசு அலுவலகத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டுமானால் தண்ணீருக்கு வழி காட்ட வேண்டும். ஆகவே ஆழ்துளைக் கிணறு ஒன்று, மேட்டில் ஒரு தொட்டி, அங்கிருந்து மனைகளுக்குக் குழாய், வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த கம்பெனிப் பத்திரம் ஒன்று. கம்பெனி பிறந்துவிட்டது, காகிதத்தில்.

பாதி மனை விற்கும்வரை பெரும்பான்மைப் பங்கு விற்பவரிடம்தான் இருக்கும். இயக்குநர் குழுவிலும் அவர், அவர் மனைவி, அவருடைய கணக்கர். தண்ணீர்க் கட்டணம் அடிமாட்டு விலையாக இருக்கும். மீட்டரே இருக்காது, மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. வந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு கவர்ச்சி. ஆனால் அந்தத் தொகையில் நாளைய பழுதுக்கு ஒரு காசுகூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். கோளாறு அங்கேதான் விதைக்கப்படுகிறது. கம்பெனி வருகிறவர்களுக்குத் தருவதாகச் சொன்னது தண்ணீர். உண்மையில் கைமாறியது ஒரு பழைய மோட்டாரும் எதிர்காலச் செலவும்.

பிறகு ஒரு கோடை. எல்லா மனையிலும் வீடு வந்துவிட்டது, எல்லாரும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். மேட்டில் இருக்கும் கடைசி வீட்டில் ஷவரில் நூல் மாதிரி ஒழுகுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மோட்டார் எரிந்துபோகிறது. விற்றவரை அழைத்தால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பழைய பிக்கப் வண்டியும் பெரிய ஸ்பானரும் வைத்திருக்கும் ஒருவர் கிணற்றடிக்குப் போகிறார். கம்பெனி இரண்டாவது முறையாகப் பிறக்கும் நாள் அது. இதைத்தான் நான் உண்மையான பிறந்தநாள் என்று சொல்வேன், பதிவு அலுவலக முத்திரையில் இருக்கும் தேதியை அல்ல.

அடுத்தது யாருடைய வீட்டுக் கார் ஷெட்டிலோ, தேவாலயக் கூடத்திலோ மடக்கு நாற்காலி போட்ட ஒரு கூட்டம். அங்கே வரும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். கிணறு இருக்கும் துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது? கம்பெனி பெயரில் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் விற்றவர் பெயரிலேயே இருக்கும், சில இடங்களில் அவர் அதை அடமானமும் வைத்திருப்பார். குழாய் எங்கெங்கே போகிறது? வரைபடம் ஒன்று இருக்கும், தரைக்கடியில் இருப்பது வேறாக இருக்கும். ஒருவருடைய தோட்டத்துக்குக் கீழே பிரதானக் குழாய் போகும். அங்கே தோண்டுவதற்கு உரிமை எழுதி வாங்கியிருக்கிறார்களா என்றால் இல்லை. அவர் நல்ல மனிதராக இருக்கும்வரை பிரச்சினையில்லை. அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய், புதிதாக வந்தவர் அதன்மேல் நீச்சல் குளம் வெட்ட நினைத்தால்?

வால்வுகள் எங்கே இருக்கின்றன என்பது பெரும்பாலும் காகிதத்தில் இருக்காது, ஒரே ஒரு வயதானவரின் தலைக்குள் இருக்கும். அதனால் அனுபவப்பட்ட இயக்குநர்கள் புதிதாக வருகிறவரிடம் சொல்லும் முதல் வேலை: அவரோடு ஒரு நாள் நடந்து, ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, குறித்துக்கொள்.

சரி, தாங்களே நடத்துவது என்று முடிவாகிறது. விற்றவரிடமிருந்து கிணற்று நிலம், குழாய், தொட்டி எல்லாவற்றையும் கம்பெனி பெயருக்கு எழுதி வாங்க வேண்டும். சில சமயம் அவர் ஒரு டாலருக்குக் கொடுத்துவிடுவார், தொல்லை விட்டது என்று. சில சமயம் விலை பேசுவார். அதற்குப் பிறகு பணம். நாற்பது வீடு சேர்ந்த கம்பெனிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஈடு வைக்க இருப்பது துருப்பிடித்த தொட்டியும் மண்ணுக்குள் இருக்கும் குழாயும்தான்.

இந்த இடத்தில் மத்திய அரசின் விவசாயத் துறை வருகிறது. தண்ணீருக்கும் விவசாயத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிராமப்புறங்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய அமைப்பு அதனிடம்தான் இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கிராமத் தண்ணீர்த் திட்டங்களுக்கு அது பரவலாகக் கடன் கொடுக்கத் தொடங்கியது. 40 ஆண்டுவரை தவணை, வட்டியும் குறைவு. 10,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு அந்தத் திட்டம் இன்றும் உண்டு. அமெரிக்கக் கிராமப்புறக் குழாய்களில் பல இந்தப் பணத்தில் புதைக்கப்பட்டவை. கடன் வேண்டுமானால் மீட்டர் போட வேண்டும், கட்டணம் செலவைத் தாங்க வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். பல கம்பெனிகள் நிஜக் கம்பெனியாக நடக்கக் கற்றுக்கொண்டது இந்த நிபந்தனைகளால்தான்.

மீட்டர் போடும் பேச்சு எடுத்தால் ஊர் இரண்டாகும். மாதம் ஒரே தொகை கட்டிக்கொண்டு குதிரைக்கும் புல்வெளிக்கும் தண்ணீர் விட்டவர்கள் ஒரு பக்கம். தனியாக இருக்கும் ஓய்வூதியக்காரர்கள் மறுபக்கம். மீட்டர் வந்த பிறகு தண்ணீர் செலவு சட்டென்று இறங்கும், அதுவரை புதுக் கிணறு வேண்டும் என்று கத்தியவர்கள் அமைதியாவார்கள்.

பதினைந்து இணைப்பு

1974இல் அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. அதன்படி 15 இணைப்புகளோ, ஆண்டில் 60 நாளாவது 25 பேருக்குத் தண்ணீரோ கொடுக்கும் எந்த அமைப்பும் 'பொதுத் தண்ணீர் அமைப்பு'. யார் சொந்தக்காரர் என்பது கணக்கே இல்லை. ஆக, லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்துக்கும் மலைமேல் இருக்கும் இருபது வீட்டுக் கம்பெனிக்கும் நீரின் தரத்துக்கு ஒரே அளவுகோல். நியாயம்தான், குடிப்பவரின் வயிறு ஒன்றுதானே. ஆனால் செலவைப் பிரிக்கும் தலைகள் ஒன்றில்லை.

ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவற்றைச் சமூகத் தண்ணீர் அமைப்புகள் என்கிறார்கள்; நாடு முழுவதும் அவை சுமார் 50,000. அவற்றில் பத்தில் எட்டுக்கும் மேல் 3,300 பேர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குக் கொடுப்பவை. குடிநீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளின் அளவு நூறு கோடியில் 50 பங்குவரை இருக்கலாம் என்றிருந்ததை 10 ஆகக் குறைத்து 2001இல் விதி வந்தது, 2006இல் நடைமுறைக்கு வந்தது. மேற்கு மாநிலங்களின் நிலத்தடிப் பாறையில் ஆர்சனிக் இயற்கையாகவே இருக்கிறது. நேற்றுவரை நல்ல தண்ணீர், ஒரு காலையில் சட்டப்படி கெட்ட தண்ணீர். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம்: அதை நீக்கும் சாதனத்துக்கு மூன்று லட்சம் டாலர். 30,000 வீடு இருந்தால் வீட்டுக்குப் பத்து டாலர். அறுபது வீடு இருந்தால் வீட்டுக்கு 5,000. சாதனத்தை ஓட்ட உரிமம் பெற்ற ஆள் வேறு வேண்டும்.

இப்போது அந்த 'தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது' கணக்குக்கு வருகிறேன். பங்கு நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்றால் வாக்கும் நிலக்காரருக்குத்தான். வாடகைக்கு இருப்பவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், பெரும்பாலும் அவரே பணமும் கட்டுகிறார், வாக்கு மட்டும் கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகில் மேவுட் என்ற சிறு நகரம். ஒரு காலத்தில் மனைப்பிரிவாக இருந்து நகரமானது. அங்கே மூன்று மியூச்சுவல் கம்பெனிகள் தண்ணீர் கொடுத்துவந்தன. நகரத்தில் பெரும்பாலோர் வாடகைக் குடியிருப்பவர்கள். குழாயில் மாங்கனீசு கலந்த பழுப்பு நிறத் தண்ணீர் வந்தபோது அவர்கள் போராடினார்கள். கம்பெனியின் கூட்டத்துக்குள் போய்க் கேட்கக்கூட அவர்களுக்கு உரிமை இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

அதன் பிறகுதான் கலிஃபோர்னியா சட்டத்தை இறுக்கியது. 2011இல் வந்த சட்டம், இயக்குநராக வருபவர் ஆறு மாதத்துக்குள் பயிற்சி எடுக்க வேண்டும், கம்பெனி தன் எல்லை வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்றது. 2013இல் வந்தது, இயக்குநர் கூட்டங்களைத் திறந்த கூட்டங்களாக்கி, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களையும் உள்ளே விடச் சொன்னது. உட்காரலாம், பேசலாம். வாக்கு இன்னும் நிலக்காரருக்குத்தான்.

இன்னொரு பலவீனம் 2025 ஜனவரி 7 அன்று தெரிந்தது. அன்று தொடங்கிய ஈட்டன் தீ லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஆல்டடீனாவில் ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்தது. ஆல்டடீனாவுக்கு நகராட்சி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழத்தோட்ட மனைகளுக்காகப் பிறந்த சிறு கம்பெனிகள்தான் அங்கே பெரும்பாலும் தண்ணீர் கொடுத்துவந்தன. லிங்கன் அவென்யூ, லாஸ் ஃபுளோரஸ், ரூபியோ கேன்யன் என்று மூன்று. உருகிய குழாய்களிலிருந்து பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்று தண்ணீரைக் குடிக்கத் தடை வந்தது. குழாய்களைக் கழுவிச் சோதித்துத் தடையை நீக்க வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆயின. இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது: வீடு இல்லாத மனையில் தண்ணீர் செலவு இல்லை, ஆகவே பில் இல்லை. பங்குதாரர்கள் இருக்கிறார்கள், வருமானம் இல்லை, சரிசெய்ய வேண்டிய குழாய் மட்டும் முழு நீளத்துக்கும் கிடக்கிறது.

கலிஃபோர்னியாவில் இப்போது இப்படி ஒரு கம்பெனி புதிதாகப் பிறப்பது கடினம். 2015இல் வந்த சட்டப்படி, தொடர்ந்து தரம் தவறும் சிறு அமைப்பைப் பக்கத்திலுள்ள பெரிய அமைப்போடு இணைக்க மாநில நீர் வாரியம் உத்தரவிடலாம். 2016இல் வந்த இன்னொரு சட்டப்படி, புதிதாகத் தொடங்க நினைப்பவர் மூன்று மைலுக்குள் வேறு அமைப்புகள் இருக்கின்றனவா, அவற்றோடு சேர முடியாதா என்று முதலில் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். கிணறு, தொட்டி, ஒரு பத்திரம் என்று சட்டுப்புட்டென்று கம்பெனி தொடங்கி மனை விற்ற காலம் போய்விட்டது.

பழையவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குப் பொதுக்கூட்ட அழைப்பும் வாக்குச்சீட்டும் வரும். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊர்களில் பலர் அதைப் பிரிப்பதே இல்லை. நாற்பது நாற்காலி போட்ட கூடத்தில் ஏழு பேர் இருப்பார்கள், குறைந்தபட்ச எண்ணிக்கை சேராது, தேர்தல் நடக்காது. புதியவர் தேர்வாகும்வரை பழைய இயக்குநர்களே தொடர்வார்கள் என்பது விதி. வால்வுகள் இருக்கும் இடம் தெரிந்த அந்த வயதானவர், வேண்டாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும், இந்த ஆண்டும் அவர்தான் தலைவர்.